உஷார்! வண்டி பறக்கும்; தரையில் இறங்குமா?

முதலில் வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆற்று மணலிலோ, ஏரிக்கரைச் சரிவிலோ, ரோடு போடக் கொட்டிய மண்மேட்டிலோ ஒரு ஜீப்பை வேகமாக ஏற்றிப் பறக்கவிடப் போகிறார்கள் என்று தெரிந்தால் அந்த இடத்தை விட்டு உடனே விலகுங்கள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னே போகாதீர்கள். மேட்டுக்கு நேர் எதிரே நின்றால்தான் படம் நன்றாக வரும் என்று யாராவது சொன்னால், அவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஏன் இத்தனை பதற்றம்? 2010 ஆகஸ்ட் 14 அன்று கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், லூசர்ன் பள்ளத்தாக்குப் பக்கம் நடந்ததைக் கேளுங்கள். ‘கலிஃபோர்னியா 200’ என்று ஒரு பந்தயம். பொழுது சாய்ந்த நேரம். பாதையில் ‘ராக்பைல்’ என்று பெயர் பெற்ற ஒரு மேடு. வண்டிகள் அங்கேதான் நன்றாகப் பறக்கும்; அதனால் கூட்டமும் அங்கேதான். தடத்துக்கும் ஜனத்துக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. பந்தயத்துக்காக மாற்றியமைத்த ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப் ஒன்று மேட்டைத் தாண்டி விழுந்த வேகத்தில் தடம் மாறிக் கூட்டத்துக்குள் புகுந்து கவிழ்ந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் 8 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் உயிர் தப்பினார். அனுமதி கொடுத்த மத்திய அரசின் நில நிர்வாகத் துறை, தன் விதிமுறைகளைத் தானே சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்பது பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்தது.

அது அனுமதி வாங்கி நடந்த பந்தயம். அப்படிப்பட்ட வண்டிகளில் கம்பிக்கூண்டு இருக்கும், நீளமான சஸ்பென்ஷன் இருக்கும், ஓட்டுகிறவர் தலையில் ஹெல்மெட் இருக்கும். நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை நடப்பதில் இதில் எதுவும் கிடையாது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வரும் அதே வண்டி, மாதத் தவணை இன்னும் பாக்கி இருக்கும் அதே வண்டி.

ஆஃப்-ரோடு போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஃபோர்-பை-ஃபோர் லீவரை ‘லோ’வில் போட்டு, ஆள் நடக்கிற வேகத்தில், ஒவ்வொரு சக்கரமும் எந்தக் கல்லில் ஏறுகிறது என்று பார்த்துப் பார்த்து ஓட்டுவது நல்ல வித்தை. அதைத் தெரிந்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2020 அக்டோபரில் வந்த புதிய தாரும், 2023 ஜூனில் வந்த ஜிம்னியும் அந்த வேலைக்குக் கெட்டிக்கார வண்டிகள். வினை எங்கே தொடங்குகிறது என்றால், எல்லாரும் டீ குடித்து முடித்த பிறகு ஒருவன், “மச்சி, ஒரு ஜம்ப் போடுவோமா?” என்று கேட்கும்போது. அடுத்து இன்னொருவன், “யாரு வண்டி ரொம்ப தூரம் போகுதுன்னு பாத்துரலாம்” என்பான். அதோடு சுற்றுலா முடிந்தது, பந்தயம் ஆரம்பம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பிளஸ் ஒன் இயற்பியல்தான், பயப்பட வேண்டாம். 10 டிகிரி சாய்வுள்ள ஒரு மேடு கண்ணுக்கு ஒன்றுமே இல்லாதது மாதிரித் தெரியும். அதில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் வண்டி காற்றில் 10 மீட்டர் போல் போய் விழும். 80-ல் ஏறினால் 17 மீட்டர். 100-ல் 27 மீட்டர். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, தூரம் மூன்று மடங்கை நெருங்கிவிட்டது. முதல் தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாம் தடவை கொஞ்சம் கூடுதலாக மிதிக்கிறவன் மாட்டிக்கொள்வது இந்தக் கணக்கில்தான். சமதளம் முடிந்து பாறை தொடங்கும் இடம் 15-வது மீட்டரில் இருந்தால் அவன் அதைக் கவனித்தே இருக்கமாட்டான். முதல் தடவை அது அவனுக்குத் தேவைப்படவில்லை.

இதில் இன்னொரு கண்ணாமூச்சியும் உண்டு. இளகிய மணலில் சக்கரம் வழுக்கிச் சுழலும். ஸ்பீடாமீட்டர் காட்டுவது சக்கரத்தின் வேகத்தை. முள் 60-ல் நிற்கும்போது வண்டி 45-ல் போய்க்கொண்டிருக்கலாம். அந்த 60-ஐ நம்பி, அடுத்த வாரம் இறுகிக் காய்ந்த வண்டல் தரையில் ஓட்டினால் உண்மையான 60 கிடைக்கும்.

சரி, இறங்கும் கதைக்கு வருவோம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற எதுவும் தரையைத் தொடும்போது கீழ்நோக்கி மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 16 தானே என்று தோன்றும். அந்த வேகத்தை எத்தனை தூரத்துக்குள் பூஜ்ஜியமாக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சும்மா நிற்கும் வண்டியிலேயே ஸ்பிரிங் வண்டியின் பாரத்தில் பாதி அமுங்கித்தான் இருக்கும். சக்கரம் மேலே ஏற மிச்சம் இருப்பது ஏறக்குறைய அரைச் சாண். டயர் நசுங்குவதையும் சேர்த்து 15 சென்டிமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வண்டி தன் எடையைப் போல ஏழரை மடங்கைத் தாங்கவேண்டும். 1,750 கிலோ வண்டிக்கு அது 13 டன். அதுவும் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில், சமதரையில், நேராக இறங்கினால்.

அப்படி இறங்குவதில்லை. மேட்டின் விளிம்பை முன் சக்கரங்கள் முதலில் தாண்டும். பின் சக்கரங்கள் இன்னும் மேட்டில் இருக்கும்போதே முன்பக்கம் கீழே சாயத் தொடங்கிவிடும். எஞ்சினும் முன்னால்தான் இருக்கிறது. காற்றில் இருக்கும்போது பயத்தில் காலைத் தூக்கினாலோ, பிரேக்கை மிதித்தாலோ நிலைமை இன்னும் மோசம்: சுற்றிக்கொண்டிருந்த சக்கரங்கள் சட்டென்று நிற்கும்போது அந்தச் சுழற்சி வண்டியின் உடம்புக்கு மாறி மூக்கு இன்னும் குத்தும். மனிதர்கள் பயந்தால் முதலில் மிதிப்பது பிரேக்கைத்தான். அதைப் பழக்கத்தால் மட்டுமே மாற்ற முடியும். அந்தப் பழக்கம் வர எத்தனை வண்டி போகும் என்று யோசியுங்கள். மறுபக்கம், ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்தபடியே விழுந்தால் வேகமாகச் சுழலும் சக்கரம் தரையைக் கவ்விய கணத்தில் ஆக்ஸில் ஷாஃப்ட் முறியும். ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பியிருக்க விழுந்தால் உயரமான வண்டி உருளும். காற்றில் இருக்கும்போது ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வண்டி உங்களுக்குச் சொல்லாது.

மெக்சிகோவின் பாஹா 1000 பந்தயத்தில் பறக்கிறதே, அந்த வண்டிகள் என்ன என்று கேட்பீர்கள். 1967-ல் தொடங்கிய அந்தப் பந்தயத்தில் இன்று முன்வரிசையில் ஓடுபவை ட்ரோஃபி ட்ரக்குகள். அவற்றில் முன் சக்கரம் 60 சென்டிமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் நகரும். பின் சக்கரம் 75 சென்டிமீட்டரையும் தாண்டும். வெளியே பிக்கப் மாதிரி ஃபைபர் போர்வை. உள்ளே முழுக்க முழுக்க இரும்புக் குழாய்க் கூண்டு. விலை கோடிகளில். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நம் பொலிரோவை மேட்டில் ஏற்றுவது, சர்க்கஸ்காரன் வலை கட்டிக் குதிப்பதைப் பார்த்துவிட்டு வீட்டு மொட்டைமாடியிலிருந்து குதிப்பதுதான்.

“டிவியில சாதாரண காரே பறக்குதே” என்பவர்களுக்கு ஒரு பழைய தொடரைச் சொல்லலாம். 1979-ல் அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘தி டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட்’. அதில் ஆரஞ்சு நிற டாட்ஜ் சார்ஜர் ஒன்று வாராவாரம் பறக்கும். முதல் தாவல் 1978 நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் படமானது: 16 அடி உயரம், 82 அடி தூரம். கதையில் அது ஒரே கார். படப்பிடிப்பிலோ ஏறக்குறைய 300 கார்கள் தீர்ந்தன. மூக்குக் குத்தாமல் இருக்க டிக்கியில் மூட்டை மூட்டையாகப் பாரம் ஏற்றினார்கள். பறந்து விழுந்த கார் பெரும்பாலும் நேராகக் காயலான் கடைக்குத்தான். அடுத்த காட்சியில் புழுதி பறக்க ஓடிவருவது வேறு கார். எடிட்டிங் மேசையில் நடந்த அந்தச் சாகசத்தை இரண்டு தலைமுறை ஓட்டுநர் சீட்டில் நடந்ததாக நம்பிக்கொண்டிருக்கிறது.

பாலைவன வேகத்துக்கென்றே செய்து விற்ற வண்டியாவது தாங்குமா? ஃபோர்டின் ராப்டர் பிக்கப்பில் உயர்தர ஃபாக்ஸ் ஷாக் அப்சார்பர்கள் கம்பெனியிலிருந்தே பொருத்தி வரும். சாதாரண பிக்கப்பைவிடச் சக்கரம் நகரும் தூரமும் அதிகம். அதிலேயே 2011 வாக்கில் சிலருடைய வண்டிகளில் பின்பக்கச் சேசிஸ் வளைந்துபோனது செய்தியானது. வண்டியின் எல்லையை மீறி ஓட்டினார்கள் என்பது நிறுவனத்தின் பதில். கடையில் கிடைப்பவற்றில் இதற்கு மிகப் பொருத்தமான வண்டிக்கே அந்தக் கதி.

ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்யும் தொற்றும் ஒன்று இருக்கிறது. 2022 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸின் எக்கோ பார்க் பகுதியில், செங்குத்தாக ஏறி இறங்கும் பாக்ஸ்டர் தெருவில் ஒருவர் வாடகைக்கு எடுத்த டெஸ்லாவைப் பறக்கவிட்டார். அது குப்பைத் தொட்டிகளை இடித்து, நிறுத்தியிருந்த இன்னொரு காரில் போய் மோதியது. ஓட்டியவர் காரை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போனார். சுற்றி நின்ற கூட்டம் கைதட்டிப் படம் பிடித்தது. துப்புக் கொடுத்தால் 1,000 டாலர் என்று போலீஸ் அறிவிக்கவேண்டி வந்தது. அந்தத் தெருவில் குடியிருந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? அதே மாதிரி செய்து பார்க்க வந்த வேறு ஆட்கள்.

இனி உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் நிலைமை. 13 டன் கணக்கு வண்டியோடு முடிவதில்லை. சீட் வழியாக அது முதுகுத்தண்டுக்கு வருகிறது. உட்கார்ந்த நிலையில் கீழிருந்து மேலே வரும் அடியில் பெரும்பாலும் பலியாவது விலாப்பகுதி முதுகெலும்பும் இடுப்புப்பகுதி முதுகெலும்பும் சேருகிற இடம். எலும்பு நசுங்கும், சில சமயம் சிதறி அதன் சில்லு தண்டுவடத்தில் குத்தும். கால் மரத்துப்போவது அப்புறம்தான் தெரியும். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருப்பவன் முதலில் கூரைக்குப் போய், பிறகு சீட்டுக்கு வருகிறான். சன்ரூஃபில் தலையை நீட்டிக்கொண்டு கத்துகிறவனைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. டிக்கியில் கட்டாமல் கிடக்கும் ஜாக்கி, விஞ்ச் கொக்கி, தண்ணீர்க் கேன் எல்லாம் அந்த நேரத்தில் எறிகற்கள். வெளியே வாங்கிப் பொருத்திய கம்பிக்கூண்டு பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: ஹெல்மெட் போடாத தலைக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புக் குழாய், உருளும் வண்டியில் தலையைத்தான் தேடி வரும். வண்டியின் அடிப்பகுதி பலமாக இடித்தால் ஏர்பேக் விரியக்கூடும்; தரையைத் தொட்ட கணத்தில் முகத்தில் பை அடித்தால் அதன் பிறகு ஸ்டீயரிங் யார் கையில்?

விழுந்த பிறகு யாராவது முதுகு வலிக்கிறது, கால் உணர்வில்லை என்றால் தயவுசெய்து தூக்காதீர்கள், உட்காரவைக்காதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் அப்படியே இருக்கட்டும். 108-ஐ அழைத்து, வண்டி வரக்கூடிய வழியைச் சொல்ல ஒருவரை ரோட்டில் நிறுத்துங்கள். ஆற்றுக்கு நடுவே ஆம்புலன்ஸ் வராது. இதைத் தாவும் முன் யாரும் யோசிப்பதில்லை.

இடம் வேறு நம் ஊரில் தனி ஆபத்து. பாலாறு, கொள்ளிடம், தென்பெண்ணை என்று எந்த ஆற்றை எடுத்துக்கொண்டாலும் மணல் அள்ளிய குழிகள் கிடக்கின்றன. மேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் வெட்டிய பள்ளம் தெரியாது. போன மாதம் பார்த்த இடம்தான் என்ற நம்பிக்கையும் செல்லாது. மணல் அள்ளுகிறவர்கள் உங்களிடம் சொல்லிவிட்டு அள்ளுவதில்லை. மேட்டுக்கு அப்பால் ஆடு மேய்க்கிறவர் இருக்கலாம், ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கும் பெண்கள் இருக்கலாம். ஏரிக்கரையில் ஏற்றுகிறவர்கள் கரையையும் சேர்த்து உடைக்கிறார்கள். மழைக்காலத்தில் அந்தத் தடத்தில்தான் முதலில் தண்ணீர் அரிக்கும். தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் தேரிகளில், காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து மேட்டின் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். சரிவான பக்கம் ஏறினால் உச்சியில் காத்திருப்பது அந்தச் செங்குத்து. கடற்கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் மணலில் முட்டையிடுகின்றன. டயர் ஏறிய இடத்தில் என்ன இருந்தது என்று ஓட்டியவனுக்குத் தெரியவே தெரியாது.

“ரோடு இல்லையே சார், ஆறுதானே?” மோட்டார் வாகனச் சட்டத்தில் பொது இடம் என்பது ரோடு மட்டுமில்லை; பொதுமக்கள் போகவர உரிமை உள்ள எந்த இடமும் அதில் அடங்கும். அரசின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அங்கே பந்தயம் விட்டால், 189-வது பிரிவில் முதல் தடவைக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆள் செத்தால் பாரதிய நியாய சம்ஹிதையின் 106-வது பிரிவு. 5 ஆண்டு வரை. பதினெட்டு வயதாகாத மகன் கையில் சாவியைக் கொடுத்த அப்பாவுக்கு 199ஏ பிரிவு: 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். சாட்சியைத் தேடிப் போலீஸ் அலையவும் வேண்டாம். ரீல்ஸ் போட்டவர்களே நம்பர் பிளேட்டோடு சாட்சி கொடுத்திருக்கிறார்கள்.

அபராதத்தைவிடப் பெரிய குழி இன்சூரன்ஸ். உங்கள் கார் பாலிசியை எடுத்து ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பத்தியைப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்குப் பயன்படுத்தினால் பாலிசி செல்லாது என்று அச்சிட்டிருக்கும். அடிபட்ட மூன்றாம் நபருக்குத் தரவேண்டிய இழப்பீட்டில்கூட, நிறுவனம் பொறுப்பை மறுக்கச் சட்டம் அனுமதிக்கும் காரணங்களில் இவை உண்டு. அதாவது வீட்டை விற்றுக் கட்டும் நிலை வரலாம். வாரண்டியும் இதேதான்.

இத்தனைக்கும் தப்பி, வண்டி பத்திரமாக இறங்கிவிட்டது, ஒரு கீறல்கூட இல்லை என்று வையுங்கள். எனக்கு மிகவும் பயம் தருவது இந்த வண்டிதான். பால் ஜாயின்ட் லேசாகத் தளர்ந்திருக்கும். டை ராட் எண்டில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். லோயர் ஆர்ம் ஒரு நூல் வளைந்திருக்கும். ஷாக் அப்சார்பரின் மேல் பிடிமானம் உலோகத் தகட்டைக் கொஞ்சம் மேலே தள்ளியிருக்கும். எதுவும் சத்தம் போடாது. மறு வாரம் குடும்பத்தோடு திருச்சி நான்குவழிச் சாலையில் 100-ல் போகும்போது அது விட்டுவிட்டால், அந்த விபத்து அறிக்கையில் மணல் மேடு இடம்பெறாது. ‘டயர் வெடித்து’ என்றோ ‘கட்டுப்பாட்டை இழந்து’ என்றோதான் எழுதியிருக்கும். ஏற்கெனவே தாவியவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றே வண்டியைப் பட்டறையில் லிஃப்டில் ஏற்றி, நடந்ததை மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் அலைன்மென்ட் போதாது.

இந்த வண்டிகள் ஒருநாள் விற்பனைக்கும் வரும். செகண்ட் ஹேண்டில் ஃபோர்-பை-ஃபோர் தேடுகிறவர்களே, உங்களுக்குத்தான் கடைசி உஷார். வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சம்ப் கார்டில் நசுங்கல் இருக்கிறதா, சக்கரத்துக்கு மேலிருக்கும் ரப்பர் பம்ப் ஸ்டாப் கிழிந்தோ தட்டையாகியோ இருக்கிறதா, சேசிஸில் ஸ்பிரிங் உட்காரும் இடத்தருகே சுருக்கமோ புது வெல்டிங்கோ தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அடிப்பக்கம் மட்டும் புதிதாகக் கருப்புப் பூச்சு அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். 20,000 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியில் நாலு ஷாக் அப்சார்பரும் புதிது என்றால் அதையும் கேளுங்கள். கதவு இடுக்குகள் இரண்டு பக்கமும் ஒரே அளவா, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி நேராகப் போகிறதா, முன் டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்பதையும் விடாதீர்கள். நாலு சக்கர அலைன்மென்ட் ரிப்போர்ட்டின் அச்சுப் பிரதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், விற்கிறவரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கள். அந்த நம்பர் பிளேட்டோடு நாலு சக்கரமும் காற்றில் இருக்கும் ஒரு ரீல் கண்ணில் பட்டால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.